இடப்பக்கத்து மௌனம்

பழுதடைந்த ஸ்டீரியோ பெட்டிக்கு நம் இல்லங்களில் வழங்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: "பழையதாகிவிட்டது, எடைக்குப் போட்டுவிடுவோம்." தேனியிலிருந்து கூடலூர் வரை எந்த ஊரின் பழைய இரும்புக் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும், ஒன்றிரண்டு பெட்டிகளாவது வயிறு திறந்து கிடப்பதைக் காணலாம். செம்புக் கம்பிக்காக டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கிக்கொண்டு மற்றதைக் குப்பையில் தள்ளிவிடுகிறார்கள். அவற்றுள் பலவற்றுக்கு வந்த நோய் என்னவென்று பார்த்தால், ஒரு குமிழுக்குள் படிந்த அழுக்காகவோ தளர்ந்துபோன ஒரு ரப்பர் பெல்ட்டாகவோ இருக்கும். சளி பிடித்தவனுக்குச் சவப்பெட்டி செய்த கதைதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இப்பெட்டிகளுக்குத் தனி வரலாறு உண்டு. உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் செல்லும் சாலையை ஒட்டிய பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு இவ்வூர்களின் மேடைகளிலேதான் முதலில் ஏறினார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது இப்பகுதித் தேநீர்க் கடைகளுக்கு அது வெறும் படப்பாட்டாக இருக்கவில்லை. நம் தெருப்பிள்ளை பட்டணத்தில் பேசுகிறான் என்பதாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து 'பிரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாகி வந்தன. பின்னர் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள், விடுமுறையில் வரும்போது போர்வையில் சுற்றி ஜப்பானியப் பெட்டிகளைக் கொண்டு வந்தார்கள். ஊருக்கு ஊர் 'ரெக்கார்டிங் சென்டர்' முளைத்தது. ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, அறுபது நிமிட வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வருவோம். இன்று அந்தக் கடைகள் கைப்பேசிக் கடைகளாகிவிட்டன. கேசட்டுகள் மட்டும் பரண்களில் இருக்கின்றன.

நாம் சொல்லப்போகும் பெட்டி, இளையராஜா பிறந்த அதே ஆண்டில் பிறந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. எண்பதைக் கடந்தவர். உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூரில் மகளோடும் பேரனோடும் வாழ்கிறார். துணைவியார் 2014இல் இறையடி சேர்ந்தார். பெட்டி, எழுபதுகளின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்யப்பட்டது. வளைகுடாவில் மகன் இன்னொருவரிடம் பழையதாக வாங்கி, 1990இல் கொண்டு வந்தது. கனத்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று, தனியே ஒரு கேசட் டெக், இரண்டு மர ஸ்பீக்கர்கள். "இடது பக்கம் பாட மாட்டேங்குது சாமி. மக எடைக்குப் போடச் சொல்றா. நீங்க ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா மனசு ஆறிடும்" என்று அவர் கேட்டுக்கொண்டார். பங்குச் சாமிக்கு இது எதற்கு என்று கேட்பாரும் உளர். குருமடத்தில் ஒலிபெருக்கிப் பொறுப்பு பல ஆண்டுகள் நம்மிடம் இருந்தது. அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை, அவ்வளவே.

பெட்டியைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பழுது பார்க்க வந்தவர்கள் முதல் வேலையாகத் திருப்புளியை எடுப்பதே பல பெட்டிகளின் மரணத்துக்குக் காரணம். ஒலி ஓர் ஆற்றைப்போல் ஓடுகிறது. கேசட்டின் நாடாவில் தொடங்கி, ஹெட்டில் ஏறி, தேர்வுக் குமிழைக் கடந்து, வால்யூம், பேலன்ஸ் வழியே ஆம்ப்ளிஃபையருக்குள் பெருகி, கம்பிவழி ஸ்பீக்கருக்கு வந்து சேர்கிறது. வாய்க்கால் வறண்டுவிட்டால் முல்லைப் பெரியாற்றுப் பாசன விவசாயி வயலைத் தோண்டிக்கொண்டிருப்பதில்லை. கரையோடு மேலே நடந்து எந்த மடையில் நீர் நின்றதென்று பார்க்கிறார். ஸ்டீரியோவில் இந்தத் தேடலுக்கு இயற்கையாகவே ஒரு வசதி அமைந்திருக்கிறது. அதில் எல்லாமே இரண்டிரண்டு. இடம் பாடாவிட்டால் வலம் சாட்சியாக நிற்கிறது. ஒரே ஓர் இடத்தில் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பொருத்திப் பார்த்தால் போதும். மௌனம் பக்கம் மாறினால் பழுது அந்த இடத்துக்கு மேலே. மாறாமல் நின்றால் அதற்குக் கீழே.

முதலில் பின்புறத்தில் மின்னழுத்தத் தேர்வைப் பார்த்தோம். வெளிநாட்டுப் பெட்டிகளில் 110, 220 என்று இரண்டு மூன்று நிலைகள் இருக்கும். துடைக்கும்போது யாரேனும் திருப்பியிருந்தால் சொருகிய மறுகணமே புகைதான். அது சரியாகவே 220இல் இருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்னே இரு ஸ்பீக்கர்களின் கம்பிகளையும் பக்கம் மாற்றிச் செருகினோம். அவ்வாறு மாற்றும்போது சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தவில் ஓசை ஒன்றையொன்று விழுங்கிப் பாட்டு சோகை பிடித்ததுபோல் ஒலிக்கும். அதைக் கேட்டுவிட்டு 'ஸ்பீக்கர் செத்துவிட்டது' என்று புதிது வாங்கியவர்களும் உண்டு. மாற்றிப் போட்டபின் மௌனம் வலப்பக்கம் போயிற்று. ஆகவே ஸ்பீக்கர்கள் குற்றமற்றவை. அடுத்து, கேசட்டை நிறுத்திவிட்டுக் கொடைக்கானல் பண்பலையின் 100.5ஐ வைத்தோம். வானொலியிலும் அதே பக்கம் மௌனம். ஆகவே ஹெட்டும் குற்றமற்றது. பழுது இரண்டுக்கும் நடுவே, தேர்வுக் குமிழுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையில் எங்கோ இருந்தது.

பேலன்ஸ் குமிழை மெல்லத் திருப்பினோம். கரகரவென்ற இரைச்சலோடு ஒரு கணம் பாட்டு இடப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. நோய் பிடிபட்டுவிட்டது. குமிழின் உள்ளே கரிப்பூச்சு பூசிய ஒரு வளைவும் அதன்மேல் ஊர்ந்து செல்லும் ஓர் உலோக நாக்கும் இருக்கின்றன. ஆடியிலும் ஆவணியிலும் குமுளிக் கணவாய் வழியாக வரும் சாரற்காற்றின் ஈரம், திராட்சைத் தோட்டத்து மண்தூசு, அடுக்களைப் புகை எல்லாம் முப்பது ஆண்டுகளாக அந்த வளைவின்மேல் படிந்திருந்தன. குமிழை ஒரே நிலையில் வைத்து யாரும் தொடாமலிருந்தால் இது இன்னும் விரைவாக நேரும். மின்கம்பியைப் பிடுங்கி நெடுநேரம் காத்திருந்த பின்னரே மூடியைத் திறந்தோம். உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரம் போன பிறகும் நஞ்சைத் தேக்கி வைத்திருக்கும் பாம்புகள். அனுபவமில்லாதோர் அங்கே விரல் நீட்டலாகாது. பல்லி முட்டையோடுகள் நான்கும் காய்ந்த பூரான் ஒன்றும் உள்ளே இருந்தன. மின்னணுச் சாதனங்களுக்கென்று விற்கும் காண்டாக்ட் கிளீனரைக் குமிழின் சிறு துளைவழி இரண்டு முறை பீச்சி, கோடிக்குக் கோடி இருபது முப்பது தடவை திருப்பினோம். பெட்ரோல், தேங்காய் எண்ணெய் என்று கைக்கு வந்ததை ஊற்றுவோர் அந்தக் கரிப்பூச்சையே கரைத்துவிடுவர், அல்லது புதிய அழுக்குக்கு விருந்து வைப்பர். தேர்வுக் குமிழுக்கும் அதே சிகிச்சை. கையோடு கையாக ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கேசட் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்தோம். பஞ்சில் துருப்போல் பழுப்பு நிறம் ஏறியது. அது துருதான். கேசட் நாடாவில் ஒலியைச் சுமப்பது இரும்பின் ஆக்சைடே. அந்தத் துகள் ஹெட்டில் அப்பிக்கொண்டால் பாட்டு கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் மங்கும்.

மூடியைப் பொருத்திப் பாடவிட்டோம். இரண்டு பக்கமும் பாடின. அடுக்களையிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, "இவ்ளோ சத்தம் வருமா இதுல?" என்றார். வாத்தியாரும் மகிழ்ந்தார். காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்துப் பங்கு இல்லத்துக்கு அவர் தொலைபேசினார். "சாமி, இடது பக்கம் பழையபடிதான் இருக்கு."

ஸ்டீரியோ என்பது என்ன என்பதை இவ்விடத்தில் சிறிது சொல்லியாக வேண்டும். ஆலன் புளூம்லைன் என்ற இளம் ஆங்கிலப் பொறியாளர் 1931இல் வருங்கால மனைவியோடு படம் பார்க்கப் போனாராம். நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நடக்க, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது அவரை உறுத்தியதாம். அவ்வாண்டு டிசம்பரில் இரு தட ஒலிப்பதிவுக்கு அவர் காப்புரிமை கோரினார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958இல்தான். அவரோ 1942இலேயே ஒரு விமான விபத்தில் மாண்டுபோனார். அவர் கண்டது இதுவே: இடப்பக்கத்து ஒலி இடக்காதை வலக்காதைவிட ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்தி வந்தடைகிறது, சற்று உரக்கவும் வந்தடைகிறது. அந்த மிகச் சிறிய வேறுபாட்டைக் கொண்டே மனிதன் கண்ணை மூடிக்கொண்டும் திசை சொல்கிறான். அதாவது, ஸ்டீரியோ பெட்டியின் கடைசி உறுப்புகள் ஸ்பீக்கர்கள் அல்ல. கேட்பவரின் இரண்டு காதுகள்.

மறுபடி சென்றபோது மாலை ஏழு மணி. பேரன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான் என்பதால் இரவில் வாத்தியார் ஹெட்போன் மாட்டிக்கொண்டே கேட்பார் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. ஹெட்போனைச் செருகும் துளையிலும் அழுக்கு சேர்ந்து ஒரு பக்கம் அறுந்துபோவது வழக்கம். எனவே சொருகியைத் திருகிப் பார்த்தோம். மாற்றமில்லை. நாம் மாட்டிக் கேட்டோம். இடம், வலம் இரண்டும் நன்றாகவே வந்தன. ஒருவேளை ஒயர் விட்டுவிட்டு ஒடிகிறதோ என்று, கழற்றி அவர் தலையில் மாட்டும்போது வேண்டுமென்றே பக்கம் மாற்றி மாட்டினோம்.

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. "வயலின் வந்துருச்சு சாமி!" என்றார். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "புல்லாங்குழலைக் காணோமே?" என்றார்.

ஹெட்போனின் இரு புறமும் இடம் மாறிய பின்னும் மௌனம் மாறவில்லை. அது அவரது இடப்பக்கத்திலேயே நின்றது. நம் சூத்திரத்தின்படி அதன் பொருள் ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்வதற்கு நமக்குச் சற்று நேரம் பிடித்தது. நம்மிடம் சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்று உண்டு. அவரது வலக்காதை அவர் விரலாலேயே பொத்தச் சொல்லி, கடிகாரத்தை இடக்காதருகே பிடித்தோம். "என்ன சாமி செய்றீங்க?" என்று கேட்டார். வலக்காதருகே கொண்டுபோனோம். "கடிகாரமா?" என்றார். மகள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்தவர், "அப்ப பெட்டியில ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அது போதும்" என்றார். எண்பது வயதில் ஒரு காது இல்லையென்று அறிந்த மனிதர் பெட்டிக்காக ஆறுதலடைந்ததைப் பார்த்து நமக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. பெட்டியின் பழுதும் காதின் பழுதும் ஒரே பக்கம் அமைந்துவிட்டதால் ஒன்றை மற்றது மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மறுவாரம் மகள் அழைத்துச் சென்றார். சில வேளைகளில் இது குறும்பியடைப்பாக மட்டும் இருக்கும், எடுத்ததும் தீர்ந்துவிடும். இவருக்கும் குறும்பி இருந்தது; எடுத்தும் தீரவில்லை. கேட்டல் சோதனையும் ஸ்கேனும் எடுத்தபின், கட்டி எதுவும் இல்லை, நரம்பு செயலிழந்து பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், இனி இடக்காதுக்குக் கருவி வைத்தும் பயனில்லை என்றார் மருத்துவர். வலக்காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், ஹெட்போனில் ஒலியைக் குறைத்து வையுங்கள் என்பது அவர் தந்த அறிவுரை. வாசகர்களுக்கும் இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஒரு காது மட்டும் மெல்ல மந்தமானால் காட்டிவிடுவது நலம், திடீரென்று ஒரே நாளில் அடைத்துப்போனாலோ நாள் கடத்தவே கூடாது. முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைக்கே பலன் அதிகம்.

வீடு திரும்பும் வழியில் மகளுக்கு ஒன்று நினைவு வந்திருக்கிறது. பேருந்தில் ஏறினாலும் பந்தியில் அமர்ந்தாலும் அம்மா அப்பாவின் வலப்பக்கமே உட்காருவார். மனைவி இடப்பக்கம் இருப்பதுதானே முறை என்று உறவினர் கேலி செய்தும் மாறியதில்லை. பிள்ளைகள் அப்பாவிடம் ஏதேனும் சொல்ல ஓடினால், "இந்தப் பக்கமா போய்ச் சொல்லு" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவாராம். ஏன் என்று சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அந்த வீட்டில் ஒரு கேசட் இருந்தது. மகன் வளைகுடாவுக்குச் சென்ற புதிதில் அம்மா பேசி அனுப்பிய 'பேசும் கடிதம்'. எழுதப் படிக்கத் தயங்கிய தாய்மார்கள் அக்காலத்தில் இப்படித்தான் கடிதம் அனுப்பினார்கள்; போகிறவர் கையில் கேசட் போகும், வருகிறவர் கையில் பதில் வரும். பெட்டியைக் கொண்டு வந்தபோது மகன் அந்தக் கேசட்டையும் திரும்பக் கொண்டு வந்திருந்தான். வாத்தியார் அதை அடிக்கடி கேட்பவர். "பாட்டுக் கேசட்டு எல்லாம் பாதியாத்தான் கேட்குது, அவ பேசுறது மட்டும் முழுசாக் கேட்குது. அது எப்படி சாமி?" என்று ஒரு நாள் வினவினார். நல்ல கேள்வி. பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் என்பவரின் குழு 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்டீரியோ வந்தபோது இடத்தடத்தையும் வலத்தடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஒற்றை ஸ்பீக்கர் டூ-இன்-ஒன்னில் பதிந்த குரலோ அந்த இரண்டு தடங்களின் அகலத்தையும் சேர்த்தே நிரப்பிவிடுகிறது. அதை ஸ்டீரியோ பெட்டியில் போட்டால் இரு பக்கமும் ஒரே குரல் ஒலிக்கும். ஒரு பக்கம் முழுதும் செத்துப்போனாலும் ஒரு சொல்லும் குறையாது. அம்மையாரிடம் இருந்தது அப்படிப்பட்ட டூ-இன்-ஒன்.

நம் முன்னிலையில் அதைப் பாடவிட்டார்கள். தொடக்கத்தில் நாற்காலி நகரும் ஓசை. பிறகு அம்மையாரின் குரல்: "நீங்க இந்தப் பக்கம் வாங்க." அதன்பின் மகனை விசாரிப்பதும் திராட்சை விலையும் ஆற்றில் வெள்ளம் வந்ததும். வாத்தியார் அந்த முதல் வரியை நூறு முறையாவது கேட்டிருப்பார். மைக் இருக்கும் பக்கத்தைச் சொல்கிறாள் என்றே எண்ணியிருந்தாராம். இப்போதும் அதுவாகவே இருக்கலாம். மகள் அதை ஏற்கவில்லை. இருவரும் நம்மைப் பார்த்தார்கள். தீர்ப்பு சொல்ல நாம் யார்?

பாட்டுக் கேசட்டுகளுக்கு மருந்து அந்தப் பெட்டியிலேயே இருந்தது. முகப்பில் 'ஸ்டீரியோ', 'மோனோ' என்று இரு நிலைகள் கொண்ட சிறு விசை. மோனோவில் தள்ளினால் இடமும் வலமும் ஒன்றாய்க் கலந்து இரு பக்கமும் வரும். சில பெட்டிகளில் இவ்விசை வானொலிக்கு மட்டுமே. மலைமறைவில் பண்பலை இரையும்போது இரைச்சலைத் தணிக்க வைத்தது. இந்தப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது நற்பேறு. விசை இல்லாதோர் இரு ஸ்பீக்கர் கம்பிகளை முறுக்கி ஒன்றாக்கிவிடலாம் என்று துணிய வேண்டாம், ஆம்ப்ளிஃபையர் வெந்துபோகும். இன்றைய கைப்பேசிகளிலும் 'மோனோ ஆடியோ' என்ற வசதி, மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒரு காதால் மட்டும் கேட்போர் இல்லத்தில் இருந்தால் பிள்ளைகள் அதைத் தேடி மாற்றிக் கொடுக்கலாம்.

விசையைத் தள்ளியதும் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். வயலினும் இருந்தது, குழலும் இருந்தது. திசை மட்டும் இல்லை. பாட்டு முடியும்வரை கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் தெரியாமல் தட்டிவிடக் கூடாதென்று பேரன் அந்த விசையின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டான்.

பாட்டியின் கேசட்டையும் அவன் கணினியில் ஏற்றினான். பல ஆண்டுகள் ஓட்டாமல் சுருளாகவே வைத்திருந்த நாடாவில், ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் மெல்லப் பதிந்துவிடும். அதனால் குரல் வருவதற்கு ஓரிரு நொடி முன்னரே அதே குரல் மிக மெலிதாக, அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் கேட்கும். அதை நீக்கிச் சுத்தமாக்கித் தருவதாகப் பேரன் சொன்னான். தாத்தா வேண்டாமென்றுவிட்டார். "இருக்கட்டும்டா. பேசப் போறான்னு முன்னாடியே தெரியுதுல்ல."

வேலை இன்னும் முடிந்தபாடில்லை. வலப்பக்கத்து ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு விரல் பட்டால் உதிர்கிறது. அளவெடுத்து மதுரைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். கேசட் டெக்கின் பெல்ட்டையும் சேர்த்து வாங்கி வரச் சொல்லி வாத்தியார் இருநூறு ரூபாய் கொடுத்திருக்கிறார். மீதியிருந்தால் வெற்றுக் கேசட் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.